மாப்பிள்ளை திருத்திய தட்டம்மைச் செய்தி

ஆடி இரண்டாம் தேதி காலையில் என் பெயர் போட்டு நாற்பத்தோராயிரம் செய்திகள் வெளிவந்தன. நான் எழுதியது ஒன்றே ஒன்று. அது ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

நான் வினோதினி. சேலத்தில் ‘தினவாசல்’ நாளிதழில் பதினெட்டு வருடமாகச் சுகாதார நிருபர். பேப்பர் என்று நாங்கள் இன்னும் வாய்கூசாமல் சொல்கிறோமே தவிர, 2041இல் அது பேப்பர் இல்லை. நாலாக மடித்துக் கக்கத்தில் செருகிக்கொள்ளும் மெல்லிய திரை. அதில் வடை மடிக்க முடியாது என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை என்பார் முதலாளி. நீங்கள் அதைப் படிக்கும்போது அது உங்களைப் படிக்கும். எந்த வரியில் புருவம் சுருங்கியது, எந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளினீர்கள், எங்கே சிரித்தீர்கள் எல்லாம் அதற்கு அத்துப்படி. மறுநாள் உங்கள் வீட்டுக்கு வரும் செய்தியை உங்கள் மூஞ்சிக்குத் தகுந்த மாதிரி மாற்றி எழுதிவிடும். ஒரே செய்தி, வீட்டுக்கு ஒரு விதமாக.

இந்த வேலையைச் செய்கிற மென்பொருளுக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் ‘இதம்’. நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. அவர் செய்ததெல்லாம் சரி. தப்பே செய்தாலும் யாரும் எதிரே சொல்லக்கூடாது. நேரத்துக்குத் தீனி மட்டும் போய்விட வேண்டும். அவர் வந்த பிறகு ஒரு சந்தாதாரர்கூடப் பேப்பரை நிறுத்தவில்லை என்பதால் ஆபீசில் அவருக்கு இருந்த மரியாதை ஆசிரியருக்குக்கூட இல்லை.

நான் எழுதிய செய்தி இவ்வளவுதான். அம்மாபேட்டையைச் சுற்றி அறுபத்து மூன்று குழந்தைகளுக்குத் தட்டம்மை. இரண்டு குழந்தைகள் இறந்துவிட்டன. இரண்டுக்கும் தடுப்பூசி போடவில்லை. கணக்கைக் கொடுத்தவர் மாநகர சுகாதார அதிகாரி டாக்டர் ஜமீலா. இருபது வருடமாக ஒரு கேஸ்கூடப் பார்க்காத நோய் என்பதால், அவரே முதல் குழந்தையைப் பார்த்தபோது புத்தகத்தைப் புரட்டி உறுதி செய்துகொண்டதாகச் சொன்னார். நோய் கண்ணில் படாமல் போனதால் ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போச்சு, பயம் விட்டுப்போனதால் ஊசியை விட்டார்கள், ஊசியை விட்டதால் நோய் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்துவிட்டது என்பது அவர் விளக்கம். அதையும் எழுதியிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் தங்கை சுகப்பிரியா வீட்டுக்குப் போனேன். அவளும் அம்மாபேட்டைதான். புருஷனுக்கு ஓசூரில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மூன்று வயதில் ஒரே பெண், தன்ஷிகா. எண் ஜோசியர் கூட்டிக் கழித்து வைத்த பெயர். நான் போனதும் என் காலைக் கட்டிக்கொண்டு, வாங்கி வந்ததை வாங்கிக்கொண்டு, காலை விட்டுவிடும். அவ்வளவு கெட்டிக்காரக் குழந்தை.

சுகப்பிரியாவின் பேப்பர் சோபாவில் கிடந்தது. என் செய்தி அதில் முதல் பக்கத்தில் இல்லை, ஊர்ப் பக்கத்தில் இல்லை. ராசிபலனுக்கும் கோயில் நடை திறக்கும் நேரத்துக்கும் நடுவில், ஆன்மிகப் பக்கத்தில் இருந்தது. ‘ஆடி பிறந்தது, அன்னை இறங்கினாள்: அம்மாபேட்டைத் தெருக்களில் வேப்பிலை மணம்.’ கீழே என் பெயர். அறுபத்து மூன்று இல்லங்களில் அன்னை எழுந்தருளியிருக்கிறாளாம். எந்தெந்தத் தெரு என்றுகூடப் போட்டிருந்தது. ஒன்பதாவது பத்தியில், ‘இரு மழலைகளை அன்னை தன்னோடு அழைத்துக்கொண்டாள்.’

அம்மன்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று அவள் யாரிடமும் வந்து சொன்னதில்லை. எல்லாம் இந்த மாப்பிள்ளை பார்த்த வேலை. என் தங்கைக்கு வியாதி, சாவு என்று படித்தால் முகம் சுருங்கும், கோயில் என்றால் மலரும். அவர் மலருகிற பக்கமாகத் திருப்பிவிட்டார்.

குழந்தைக்கு ஊசி போட்டாயா என்று கேட்டேன். போடவில்லையாம். போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கிறதாம், ஊரில் இல்லாத வியாதிக்கு எதற்கு ஊசியாம். பேப்பரைக் காட்டி இது வியாதிச் செய்தி என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ எழுதுறதைத்தான்க்கா நான் படிக்கிறேன். வேற யார் எழுதுனாலும் நம்புறதில்ல. இது உன் பேருதான?”

“பேரு என்னுது. எழுத்து என்னுது இல்லடி.”

“அப்புறம் எதுக்கு உன் பேரைப் போடுறாங்க?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. பதில் இல்லாத இடத்தில் எனக்குக் கோபம் வரும். வந்தது. கொழந்தை செத்தாத்தான் உனக்குப் புத்தி வரும் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, விளக்கு ஏற்றிய வீட்டில். அவள் என்னை வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். அன்று சாயங்காலமே என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டாள்.

மறுநாள் ஆசிரியர் குருபரனிடம் போய்க் கத்தினேன். அவர் நல்ல மனுஷர்தான். முப்பது வருடம் பத்திரிகை நடத்தியவர், இப்போது மாப்பிள்ளைக்குப் பாய் விரிக்கிறவர். நான் கத்தி முடிக்கும்வரை டீயை ஆற்றினார்.

“இதுல பொய் எங்கம்மா இருக்கு? ஒரு வரி காட்டு. அறுபத்து மூணு இருக்கு. ரெண்டு பேர் போனதும் இருக்கு. வரிசைதான் வேற.”

“அது செய்தியா சார்?”

“உன் தங்கச்சி ஒரு வரி விடாம படிச்சிருக்கா. நீ எழுதுனபடியே போட்டா முதல் வரியிலயே தள்ளிட்டுப் போயிருப்பா. படிக்காத உண்மை யாருக்கு ஆகும், சொல்லு.”

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. அடுத்த மூன்று நாளும் என் செய்திகள் இப்படியே ஊர்வலம் போயின. ஜவுளிக் கடைக்காரர் வீட்டில் அது ‘அம்மன் விரதத்தால் மஞ்சள் துணிக்குத் திடீர் கிராக்கி’ ஆனது. கிரிக்கெட் பைத்தியங்களின் வீட்டில், பள்ளிப் போட்டி தள்ளிப்போன கதையானது. டாக்டர் ஜமீலா அம்மாபேட்டையில் ஊசி முகாம் போட்டு, இரண்டு நர்சுகளையும் ஒரு ஐஸ் பெட்டியையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். வந்தது பதினொரு குழந்தைகள். நீங்க என்னதான் எழுதுறீங்க என்று போனில் கேட்டார். அவர் வீட்டுப் பேப்பரில் மட்டும் எல்லாம் காரசாரமாக, புள்ளிவிவரத்தோடு வந்துகொண்டிருந்தது. அவருக்கு அதுதான் பிடிக்கும் போல.

மாப்பிள்ளை கை வைக்காத பக்கம் பேப்பரில் ஒன்றுதான் உண்டு. கண்ணீர் அஞ்சலிப் பக்கம். அதைப் பார்த்துக்கொள்கிறவர் சகாயராஜ் அண்ணன். முன்பு ஒருமுறை செவ்வாய்பேட்டை அரிசி மண்டிக்காரர் இறந்தபோது, ‘காலமானார்’ என்பதைப் பாதி ஊருக்கு மாப்பிள்ளை ‘ஓய்வில் இருக்கிறார்’ என்று மாற்றிவிட்டார். ஜனங்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமுமாக எழவு வீட்டுக்குப் போய், ஐயா எப்படி இருக்கார் என்று கேட்டார்கள். மண்டிக்காரரின் மூன்று பிள்ளைகளும் ஆபீசுக்கு வந்து கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டுப் போன பிறகு, அந்தப் பக்கத்தைத் தொடவே கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். நாற்பத்தோராயிரம் வீட்டிலும் ஒரே மாதிரி வருவது அந்த ஒரு பக்கம்தான். எல்லோரும் முதலில் திருப்புவதும் அதைத்தான்.

இறந்த இரண்டு குழந்தைகளின் வீட்டுக்கும் போனேன். அஞ்சலியில் நோயின் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். அம்மன் காரியத்தை வியாதி என்று சொல்வதா என்று ஒரு வீட்டில் அழுதார்கள். இன்னொரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திரும்பி வரும்போது என் மனதில் வேறு யார் முகமும் இல்லை. தன்ஷி முகம்தான் இருந்தது. அந்தத் தெருவில் அந்தக் குழந்தை ஊசி இல்லாமல் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறது. அவள் அம்மா என் போனை எடுக்க மாட்டாள். நேரே சகாயராஜ் அண்ணன் மேஜைக்குப் போய், பிறந்தநாள் கவுன் போட்டுச் சிரிக்கிற தன்ஷியின் படத்தை வைத்தேன்.

கண்ணீர் அஞ்சலி. செல்வி தன்ஷிகா, வயது 3, அம்மாபேட்டை. தோற்றம்: 12.3.2038. மறைவு: இன்னும் இல்லை. தட்டம்மைத் தடுப்பூசி போடாததால் இந்த இடம் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் இடம் வேண்டாமென்றால் முகாமுக்கு வரவும். இப்படிக்கு, பெரியம்மா வினோதினி.

அண்ணன் அதை மூன்று முறை படித்தார். சுடுகாட்டு ரசீது இல்லாமல் இதுவரை ஒரு அஞ்சலியும் அவர் போட்டதில்லை. உசுரோட இருக்கிற கொழந்தைக்கு இதப் போட்டா என் கை விளங்காதும்மா என்றார். பிறகு இந்த வாரம் அவர் பேத்தி பால்வாடியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்று அவராகவே சொன்னார். சிலுவை போட்டுக்கொண்டு பக்கத்தை அனுப்பினார்.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். பதினெட்டு வருடம் பத்திரிகையில் இருந்தவள் மறக்கக்கூடாத ஒன்று. எங்கள் ஊரில் கண்ணீர் அஞ்சலியைப் படிக்கிற முறை இது: முதலில் படத்தைப் பார்ப்பது, அப்புறம் பெயரைப் பார்ப்பது, உடனே செருப்பைத் தேடுவது. படத்துக்குக் கீழே எழுதியிருப்பதை எவரும் படிப்பதில்லை.

காலை ஏழரைக்குள் சுகப்பிரியா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிவிட்டன. ஒரு சித்தப்பா சாமியானாவுக்குச் சொல்லிவிட்டார். இன்னொருவர் வரும் வழியிலேயே சங்கு ஊதுகிறவருக்குப் போன் போட்டுவிட்டார். பெண்கள் தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது தன்ஷிதான். என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா. ஒருவர் விடாமல் தூக்கினார்கள், முத்தம் கொடுத்தார்கள், நெட்டி முறித்தார்கள், உப்பு மிளகாய் சுற்றினார்கள். துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் அங்கேயே டிபன் சாப்பிட்டு, குழந்தையை நடுவில் வைத்துப் போட்டோ எடுத்து, குடும்ப குரூப்பில் போட்டுவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே கலைந்தது.

பத்து மணிக்குச் சுகப்பிரியா குழந்தையோடு ஆபீசுக்கு வந்தாள். கையில் செருப்பு இருந்தது. அதை எப்படிப் பயன்படுத்தினாள் என்பதை ஆபீசில் எல்லோரும் பார்த்தார்கள், நான் வேறு சொல்ல வேண்டாம். நான் வாங்கிக்கொண்டேன். டாக்டர் ஜமீலா அப்போது என் மேஜையருகில் இருந்தார். அன்று காலை முகாமில் வரிசை தெருவைத் தாண்டிப் போயிருந்தது, அதைச் சொல்ல ஓடி வந்திருந்தார். அவர் எங்கள் சண்டையைப் பார்க்கவில்லை, தன்ஷியைப் பார்த்தார். குழந்தைக்குக் கண் சிவந்திருந்தது, மூக்கு ஒழுகியது, இருமியது. வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் கன்னத்தின் உள்பக்கம் பார்த்தார். ரவை சிந்தினாற்போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

“எத்தனை நாளா காய்ச்சல்?”

“முந்தாநாள்லேருந்து. சளிதான் டாக்டர், லேசாத்தான் இருக்கு.”

“சளி இல்லம்மா, தட்டம்மை. ஊசிக்கு நேரம் தாண்டிருச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

அப்புறம் என்னிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, இன்னைக்கு இந்தக் குழந்தையை யார் யார் தூக்கினாங்க என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் தூக்கியிருந்தார்கள்.

மூன்று நாளுக்குள் ஊசி போட்டுவிட்டால் தொற்றியவர்களையும் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர். சுகப்பிரியா ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் யார் யார் என்று கேட்டதற்கு என் முகத்தைப் பார்க்காமல், போட்டோவுல இருக்காங்க பாரு என்றாள். போட்டோவில் இருபத்து மூன்று பேர். உயிரோடு இருக்கிற குழந்தைக்கு அஞ்சலி போட்டவள் என்று என் போனை ஒருவரும் எடுக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் ஒன்று பாக்கியில்லாமல் மூன்றாம் நாளுக்குள் ஊசி போட்டு முடித்தோம். இனிமேல் காய்ச்சல் கண்ட வீடு எதற்கும், நல்லதுக்கோ கெட்டதுக்கோ யாரும் போகக்கூடாது என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினேன்.

தன்ஷிக்கு நிமோனியா வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. இடது காது கொஞ்சம் மந்தம், அது தேறிவிடும் என்றார்கள். ஊர் முழுக்க ஐயாயிரம் குழந்தைகள் ஊசி போட்டுக்கொண்டன. அந்த நாட்களில் என் பேப்பரைப் பிரித்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். ‘ஊரை எழுப்பிய ஒரு விளம்பரம்.’ ‘அலைமோதும் முகாம்கள்.’ ‘ஆத்தூர் பக்கமும் விரிந்தது ஊசிப் பணி.’ காலையில் காபியோடு அதைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். செருப்படி பட்ட இடத்துக்கு அது மருந்தாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

ஆடி இருபத்தேழாம் தேதி டாக்டர் ஜமீலா போன் செய்தார். ஆத்தூரில் சர்மிளா என்று உங்கள் சொந்தக்காரப் பெண்ணா என்று கேட்டார். என் மாமா மகள். ஏழு மாசக் கைக்குழந்தை, பெயர் நிலவன். அந்த வயசுக்கு ஊசியே கிடையாது, ஒன்பதாம் மாசம்தான் போடுவார்கள். அவள் ஊசியை மறுத்தவளும் இல்லை, மறந்தவளும் இல்லை.

“அன்னைக்கு உங்க தங்கச்சி வீட்டுக்கு வந்திருக்கா. குழந்தையையும் தூக்கிட்டு, முதல் பஸ்ல. நோய் பட்ட இடத்துக்கு வந்த குழந்தைன்னா ஆறு மாசத்துக்கு மேலயே போடலாம். மூணு நாளுக்குள்ள தெரிஞ்சிருந்தா அந்தக் குழந்தைக்கும் ஒரு ஊசி போட்டிருக்கலாம்.”

“போட்டோவுல அவ இல்லையே டாக்டர்.”

“போட்டோ எடுத்ததே அவதான்.”

குழந்தை அன்று விடியற்காலையில் இறந்துவிட்டது. ஒரு வாரமாகக் காய்ச்சலாம். ஆத்தூர் நிருபர் முந்தின நாளே செய்தி அனுப்பியிருக்கிறார். கைக்குழந்தைக்குத் தட்டம்மை, சேலத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் தொற்று என்று, ஆசிரியரின் பேப்பரில் பெரிய எழுத்தில் வந்திருக்கிறது. என் பேப்பரில் அதே செய்திதான் ‘ஆத்தூர் பக்கமும் விரிந்தது ஊசிப் பணி’ ஆகியிருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். பத்தாவது பத்தியில் ஏழு மாதக் குழந்தை ஒன்று சிகிச்சையில் உள்ளது என்று இருந்தது. நான் அதுவரை போகவில்லை, மேலேயே சிரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை கதை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, என் வீட்டுக்கு வருவதும் அவர் பதிப்புதான் என்பது ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. எனக்கு எது பிடிக்கும் என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். என்னைப் பற்றிய நல்ல சேதி.

பஸ் பிடித்து ஆத்தூர் போனேன். வீட்டு வாசலில் ஒரு நாற்காலிகூட இல்லை. பந்தல் இல்லை, அழுகைச் சத்தம் இல்லை. தெருக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். சொந்தக்காரர்களில் ஒருவர்கூட வரவில்லை. போகக்கூடாது என்று அத்தனை பேரிடமும் சத்தியம் வாங்கியவள் நான். முதல்முறையாக நான் சொன்னதை எல்லோரும் அப்படியே கேட்டிருந்தார்கள்.

உள்ளே சர்மிளா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். துணியில் சுற்றிய குழந்தை அவள் மடியிலேயே இருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீயாச்சும் வந்தியேக்கா.”

நான் வாசற்படியிலேயே நின்றேன். உண்மையைச் சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரையும்போல அழுதுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். முடியவில்லை.

“சர்மி, இது என்னாலதான்டி. நான் போட்ட அஞ்சலியாலதான்.”

“தெரியும்” என்றாள். “உக்காரு.”

உட்கார்ந்தேன்.